அடுப்பின் அளவும் கரியின் செலவும்

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுவில் ஒரு வழக்கு எழுந்தது. திறந்தவெளி விருந்துகளுக்காகப் பீங்கான் கரியடுப்பு ஒன்று வாங்க வேண்டும். பெரியதா, சிறியதா? "பெரியதே சிக்கனம், ஒரே ஈட்டில் எல்லாம் வெந்துவிடும்" என்றார் ஒரு நண்பர். "சிறியதே சிக்கனம், கரி கொஞ்சந்தானே பிடிக்கும்" என்றார் மற்றொருவர். பௌதிகம் படிப்பவன் என்பதால் தீர்ப்பு என் தலையில் விழுந்தது. இதே வழக்கில் நான் முன்பே ஒருமுறை தோற்றவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்மாவின் குமுட்டி

என் ஊர் வரதய்யபாளையம். முன்பு சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். தமிழக எல்லை அருகிலேயே இருப்பதால் எங்கள் தெருவில் இரண்டு மொழியும் புழங்கும். நாங்கள் குமுட்டி என்பதைப் பக்கத்து வீட்டார் கும்பட்டி என்பார்கள். இரண்டிலும் எரிவது ஒரே கரிதான். சென்னை மக்கள் தடா அருவி என்று சொல்லும் உப்பலமடுகு அருவிக்குச் செல்வோரை நம்பி, என் தாயார் சாலையோரத்தில் மக்காச்சோளக் கதிர் சுட்டு விற்று வந்தார். அவரிடம் இருந்தது ஓரடி விட்டமுள்ள மண் குமுட்டி.

பி.எஸ்ஸி. முடித்த விடுமுறையில் எனக்கு அறிவு முற்றிவிட்டது. "ஒரே சமயத்தில் இருபது கதிர் சுடலாம், கரி மிச்சமாகும்" என்று சொல்லி, இரண்டடி விட்டத்தில் புதிய அடுப்பு ஒன்றைக் கட்டுவித்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அது நன்றாகவே உதவியது. வார நாட்களிலோ இரண்டு பேர், மூன்று பேராகத்தான் வந்தார்கள். பத்து நாள் பொறுத்திருந்த அம்மா, கரிக்கடைக் கணக்கு நோட்டை என்முன் வைத்தார். "ரெண்டு கதிருக்கு ஊரையே சுடவைக்கணுமாப்பா?" என்றார். அன்று மாலையே அரைச் செங்கற்களை அடுக்கி, அடுப்பின் ஒரு மூலையை மட்டும் தடுத்து அதில் கரி போட்டார். ஞாயிறு வந்தால் கல்லை எடுத்துவிடுவார். அவர் கையால் செய்ததை நான் இப்போது கணக்கால் சொல்கிறேன்.

திறந்த அடுப்பு

விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். திறந்த குமுட்டியில் தணலின் மேற்பரப்பு முழுவதும் காற்றைத் தின்று எரிகிறது. முழுவதும் வெப்பத்தை வானத்துக்கு வீசுகிறது. ஒரே கனத்துக்குக் கரி பரப்பினால், ஓரடி அடுப்பைவிட இரண்டடி அடுப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு கரி கேட்கும். மேலே இருப்பது இரண்டு கதிரா இருபதா என்று தணல் பார்ப்பதில்லை.

மூடிய பீங்கான் அடுப்பு

நாம் வாங்க நினைத்தது வேறு வகை. ஜப்பானியரின் 'கமடோ' அடுப்பின் வழிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் இதைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். தடித்த சுவர், கவிந்த மூடி, கீழும் மேலும் காற்றுத் துளைகள் - இவையே அதன் உறுப்புகள். சுவர் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. தாய்லாந்தின் வாளி அடுப்பைப் பார்த்து 1980-களில் கென்யாவில் உருவான 'ஜிக்கோ' அடுப்பிலும் உள்ளே சுட்டமண் பூச்சுக்கல் இருப்பது இதே காரணத்துக்காகத்தான்.

இதில் எவ்வளவு கரி நிரப்புகிறோம் என்பது செலவு அன்று. ஒரு கிலோ கரி முழுதும் எரிய ஏறத்தாழ பதினொன்றரை கிலோ காற்று வேண்டும். துளைகள் விடும் காற்றுக்கு ஏற்பவே கரி எரியும். சமையல் முடிந்ததும் துளைகளை அடைத்தால் தணல் அணைந்து, மிச்சக் கரி மறுநாளுக்கு உதவும். ஆகவே "சிறியதில் கரி கொஞ்சந்தான் பிடிக்கும்" என்ற வாதம் நிற்காது.

அப்படியானால் அளவுக்கு வேலையே இல்லையா? உண்டு. உட்தட்டின் விட்டம் 15 அங்குலமுள்ள அடுப்பையும் 24 அங்குலமுள்ள அடுப்பையும் ஒப்பிடுவோம். இரண்டும் ஒரே வடிவம், ஒரே சுவர்த்தடிப்பு எனக் கொள்வோம். 15-இன் வர்க்கம் 225. 24-இன் வர்க்கம் 576. ஆகவே பெரியதன் சுவர்ப்பரப்பு சுமார் இரண்டரை மடங்கு. ஒரே சூட்டில் வைத்திருக்க, சுவர் வழியே இழக்கும் வெப்பமும் இரண்டரை மடங்கு. ஆனால் உணவு வைக்கும் தட்டும் அதே இரண்டரை மடங்குதானே! தட்டு நிறைந்தால், ஒரு பங்கு உணவுக்கு ஆகும் கரி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. தட்டு அரைகுறையாக இருந்தால் பெரியது நட்டம்.

சுவரைச் சூடேற்றும் செலவு தனி. சுட்டமண்ணில் ஒரு கிலோவை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 0.2 கிலோ கலோரி வேண்டும். ஒரு கிலோ நல்ல கரி தருவது சுமார் 7,000 கிலோ கலோரி. 40 கிலோ எடையுள்ள அடுப்பின் சுவர் சராசரியாக 100 டிகிரி சூடேற 800 கிலோ கலோரி, அதாவது சுமார் 115 கிராம் கரி. 100 கிலோ அடுப்புக்கு 2,000 கிலோ கலோரி, சுமார் 285 கிராம். புகைபோக்கில் போவதையும் சேர்த்தால் உண்மைச் செலவு இன்னும் கூடும். ஒரு துண்டு மீன் சுடுவதற்கு முன்பே கட்டவேண்டிய வரி இது.

தீர்ப்பு

சிறிய அடுப்பில் இரண்டு மூன்று ஈடாகச் சுட்டால், ஒவ்வொரு மணிக்கும் இழப்பு குறைவு. ஆனால் மணி கூடும். பெருக்கிப் பார்த்தால் கணக்கு ஏறத்தாழ சமம். ஆகவே பெரிய அடுப்பு மிச்சப்படுத்துவது நேரத்தை; கரியை அன்று. நேரம் தேவைப்படும் நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தே அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருவிழாவுக்குத் தேர் வேண்டும்தான். அதற்காக நாள்தோறும் தேரில் ஏறிக் கடைக்குப் போவோமா?

நம் சங்கக் கூட்டங்களுக்கு வழக்கமாக வருவோர் பன்னிரண்டு பேர். பொங்கல் அன்றுதான் எழுபது பேர். செயற்குழு 15 அங்குல அடுப்பையே வாங்கிற்று. பொங்கலன்று நாலைந்து ஈடாகச் சுடுவோம். காத்திருக்கும் நேரத்தில் பேசுவதற்கா நமக்குப் பஞ்சம்!

ஒன்றை மட்டும் மறவாதீர்கள், நண்பர்களே. காற்றைக் குறைத்து எரிக்கும் கரி, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை வெளிவிடும். குளிருக்கு அஞ்சி இவ்வடுப்பை விடுதி அறைக்குள் கொண்டுபோனால் உயிர் போகும். அடுப்பு சிறியதானாலும் பெரியதானாலும் அதன் இடம் வெட்டவெளியே.

செய்தியை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "இதுக்கா அவ்வளவு தூரம் போய்ப் படிக்கிறே?" என்று சிரித்தார்.