ஹார்மோன் பாடத்தில் ஓர் ஏரி

பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடம் நடத்தும்போது, அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள அபோப்கா ஏரியையும் சேர்த்துச் சொல்கிறேன். 1980இல் அருகிலிருந்த ஆலையின் பூச்சிக்கொல்லி அந்த ஏரியில் கலந்தது. 1990களில் அங்கு ஆய்வு செய்த லூயி கில்லெட் குழுவினர், இளம் ஆண் முதலைகளில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்ததையும் இனப்பெருக்க உறுப்பு சிறுத்திருந்ததையும் கண்டனர்.

நம் வீட்டிலும் இத்தகைய வேதிப்பொருள்கள் உண்டு. மென்மையான நெகிழிகளில் சேர்க்கப்படும் தாலேட்டுகள், கருவிலுள்ள ஆண் எலிகளில் இதே ஹார்மோனைக் குறைக்கின்றன. சூடான, எண்ணெய்ப் பசையுள்ள உணவில் எளிதில் கலக்கின்றன. எனவே, குழம்பு வாங்க எவர்சில்வர் தூக்கு கொண்டு செல்லுங்கள் என்கிறேன்.

இறுதியாக ஒன்று: குழந்தையில்லை என்றால் பெண்ணை மட்டுமே குறைசொல்கிறோம். விந்தணுக் குறைவும் காரணமாகலாம், பரிசோதனை இருவருக்கும் தேவை என்பதை மாணவரும் மாணவியரும் ஒரே வகுப்பில் அமர்ந்து கேட்கட்டும்.