காப்புரிமை எதைக் காக்கிறது?

காப்புரிமை கிடைத்துவிட்டால் அந்தப் பொருளைச் செய்து விற்க அரசே அனுமதி தந்துவிட்டதாகப் பட்டறைகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் பரவலான நம்பிக்கை உண்டு. சட்டம் தருவது அதுவல்ல. உரியவரின் இசைவு இல்லாமல் மற்றவர்கள் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்வதையும் பயன்படுத்துவதையும் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கும் உரிமைதான் காப்புரிமை. இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 48-ஆம் பிரிவில் இதையே சொல்கிறது. உரியவர் தாமே அதைச் செய்யலாமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை பிறர் கையில் இருக்கும் காப்புரிமைகளையும் பொறுத்தது.

நீராவி எந்திரத்தின் வரலாற்றில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஜேம்ஸ் வாட்டுக்கு முந்தைய எந்திரங்களில் நீராவியை உருளைக்குள்ளேயே தண்ணீர் தெளித்துக் குளிரவைத்தார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் உருளை குளிர்ந்து மறுபடி சூடேற வேண்டியிருந்ததால் நிலக்கரி வீணாயிற்று. வாட் நீராவியைத் தனிக் கலம் ஒன்றுக்குக் கொண்டுபோய்க் குளிரவைத்தார். உருளை எப்போதும் சூடாகவே இருந்தது. 1769-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1775-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதை 1800 வரை நீட்டித்தது.

இவ்வளவு வலுவான உரிமை கையில் இருந்தும் வாட்டால் ஓர் எளிய உறுப்பைப் பயன்படுத்த முடியவில்லை. மேலும் கீழும் போகும் அசைவைச் சுழற்சியாக மாற்றினால்தான் ஆலைகளை ஓட்ட முடியும். அதற்கு வேண்டியது கிராங்க். காலால் மிதிக்கும் தையல் எந்திரத்தில் மிதிபலகையின் அசைவு சக்கரத்தைச் சுற்றுவது அதனால்தான். நீராவி எந்திரத்தில் கிராங்கைப் பொருத்தும் அமைப்புக்கு 1780-இல் ஜேம்ஸ் பிக்கார்ட் என்ற பர்மிங்காம் உற்பத்தியாளர் காப்புரிமை வாங்கிவிட்டார். வாட் வேறு வழி தேட நேர்ந்தது. ஒரு பற்சக்கரத்தை மற்றொரு பற்சக்கரம் சுற்றிவரும் ‘சூரியன்-கோள்’ அமைப்பை 1781-இல் பதிவு செய்தார். கிராங்கைவிடச் சிக்கலான அந்த அமைப்போடுதான் அவருடைய சுழல் எந்திரங்கள் பல ஆண்டுகள் ஓடின. பிக்கார்டின் காப்புரிமை 1794-இல் முடிந்த பிறகே கிராங்க் அவருக்குக் கைகூடியது.

வாட்டின் உரிமை இன்னொருவரை இதைவிடக் கடுமையாகத் தாக்கியது. ஜொனாதன் ஹார்ன்புளோவர் இரண்டு உருளைகளை இணைத்து, ஒன்றில் வேலை செய்த நீராவியை மற்றொன்றில் மீண்டும் வேலை வாங்கும் எந்திரத்துக்கு 1781-இல் காப்புரிமை பெற்றார். புதுமை அவருடையதுதான், சான்றிதழும் அவரிடம் இருந்தது. ஆனால் அந்த எந்திரத்துக்குத் தனிக் குளிர்கலம் தேவைப்பட்டது.  அது வாட்டின் காப்புரிமைக்குள் அடங்கியதால், தன் எந்திரத்தைத் தடையின்றிச் செய்து விற்க அவரால் முடியவில்லை.

‘ஏதாவது பத்து சதவீதம் மாற்றிவிட்டால் காப்புரிமை நம்மைப் பிடிக்காது’ என்ற நம்பிக்கையும் இதே இடத்தில்தான் உடைகிறது. எந்த நாட்டுச் சட்டத்திலும் அப்படி ஒரு சதவீதக் கணக்கு இல்லை. காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் எண்ணிட்ட வாக்கியங்கள் இருக்கும். அவை உரிமைகோரல்கள். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதுபோலக் கண்டுபிடிப்பின் எல்லையை அவை வரையறுக்கின்றன. மாவரைக்கும் கிரைண்டர் ஒன்றுக்கு ‘பாத்திரம், அதனுள் சுழலும் கற்கள், பாத்திரத்தைச் சாய்க்கும் நெம்புகோல் ஆகியவற்றைக் கொண்ட எந்திரம்’ என்று உரிமைகோரல் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான்காவதாக ஒரு டைமரைச் சேர்ப்பவர் எல்லைக்குள்ளேதான் நிற்கிறார். நிறத்தையும் கல்லின் எண்ணிக்கையையும் மாற்றியும் பயனில்லை. நெம்புகோலே இல்லாமல், வேறொரு தத்துவத்தில் பாத்திரத்தைக் காலிசெய்பவருக்குத் தப்ப வழி உண்டு. எத்தனை மாற்றம் என்பதைவிட, எழுதப்பட்ட கூறுகளில் எது விடுபட்டது என்பதே முக்கியம்.

யோசனை தோன்றியதும் அதைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, தன் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பி வைத்தால் உரிமை உறுதியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த உறையால் காப்புரிமை வராது. இந்தியாவில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. நெடுங்காலம் ‘முதலில் கண்டுபிடித்தவர்’ என்ற முறையை வைத்திருந்த அமெரிக்காவும் 2013 மார்ச் 16 முதல் விண்ணப்பத் தேதிக்கு மாறிவிட்டது. எந்திரம் முழுமையடையும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தற்காலிக விவரங்களோடு விண்ணப்பித்து, 12 மாதங்களுக்குள் முழு விவரத்தைத் தரலாம்.

இதைவிட அதிகம் பேரை வீழ்த்தும் தவறு, விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்குக் காட்டிவிடுவது. தான் கண்டுபிடித்ததைத் தானே காட்டினால் என்ன குற்றம் என்று தோன்றும். ஆனால் சட்டத்தின் கண்ணில் ‘புதியது’ என்றால் விண்ணப்பத் தேதிக்கு முன் எங்கும் வெளியாகாதது. கண்டுபிடித்தவரே யூடியூபில் போட்ட காணொளியும் அவருடைய புதுமையைக் கெடுத்துவிடும். அரசு அறிவித்த கண்காட்சி, அறிவியல் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டும் இந்தியச் சட்டம் 12 மாத விலக்கு தருகிறது. ஒரு கல்லூரி மாணவர் தன் ஆண்டுகால உழைப்பை இப்படி ஒரே மாலையில் இழக்கக்கூடும் என்பதால், வழிகாட்டும் ஆசிரியர்கள் முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

ஒருமுறை வாங்கினால் 20 ஆண்டுக்கும் கவலையில்லை என்பது அடுத்த நம்பிக்கை. 20 ஆண்டு என்பது விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணப்படும் உச்சவரம்பு. இந்தியாவில் மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிவர வேண்டும், கட்டாவிட்டால் உரிமை செத்துவிடும். எஃகுத் தொழிலில் இதற்கு நெஞ்சைத் தொடும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. உருகிய வார்ப்பிரும்பில் காற்றை ஊதி எஃகு செய்யும் முறையை ஹென்றி பெஸ்ஸிமர் 1856-இல் அறிவித்தார். ஊதிய காற்று கரியை எரித்ததோடு உலோகத்தில் ஆக்சிஜனையும் தங்கவிட்டது. கந்தகமும் அப்படியே இருந்தது. அந்த எஃகைச் சூடாக அடித்தால் வெடித்தது. கரியும் மாங்கனீசும் கலந்த இரும்பைக் கடைசியில் சேர்த்தால் குறை நீங்கும் என்று கண்டவர் ராபர்ட் மஷெட். அதே ஆண்டு அவர் காப்புரிமையும் பெற்றார். 1859-இல் கட்ட வேண்டிய 50 பவுண்டு முத்திரைக் கட்டணம் கட்டப்படவில்லை. உரிமை காலாவதியானது, அந்த முறையை எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் நிலை வந்தது. 1866-இல் மஷெட்டின் 16 வயது மகள் மேரி தனியாக லண்டன் சென்று பெஸ்ஸிமரின் அலுவலகத்தில் அவரை நேரில் சந்தித்துத் தந்தைக்காக வாதாடினாள். பெஸ்ஸிமர் மஷெட்டுக்கு ஆண்டுக்கு 300 பவுண்டு தர ஒப்புக்கொண்டார். அது அவர் மனமுவந்து தந்த தொகை. சட்டப்படி கேட்க மஷெட்டிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

‘காப்புரிமை பெற்ற தொழில்நுட்பம்’ என்று அட்டையில் அச்சிட்டால் தரத்துக்குச் சான்று என வாடிக்கையாளர் எடுத்துக்கொள்கிறார். காப்புரிமை அலுவலகம் பார்ப்பது புதுமை, துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றாத படி, தொழிலில் பயன்படும் தன்மை ஆகியவற்றை. நீடித்து உழைக்குமா, கட்டுப்படியாகுமா என்பதை அது சோதிப்பதில்லை. உருகிய உலோகத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடு செய்யும் யோசனைக்கு அமெரிக்காவில் 1900-களின் தொடக்கத்திலேயே காப்புரிமைகள் உண்டு. அவற்றிலிருந்து ஆலை எதுவும் எழவில்லை. 1950-களில் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸில் அலஸ்டர் பில்கிங்டன் குழு அதையே கையில் எடுத்தது. சுமார் 1,000 டிகிரி வெப்பத்தில் உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடி பரவி, நகர்ந்து, சுமார் 600 டிகிரிக்குக் குளிர்ந்து வெளியேற வேண்டும். வெள்ளீயத்தில் ஆக்சிஜன் பட்டால் கசடு படிந்து கண்ணாடி கெடும். அதைத் தடுக்க நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுச்சூழல் தேவை. உற்பத்தி உலையிலேயே ஓராண்டுக்கும் மேலாக விற்க முடியாத கண்ணாடியையே வார்த்துக் கொட்டி, 1959-இல்தான் முறையை அறிவித்தார்கள். சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் இன்று வார்க்கப்படும் கண்ணாடியும் வெள்ளீயத்தின் மேல் மிதந்தே வருகிறது.

‘மஞ்சளுக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்துவிட்டது’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கிடைத்தது மஞ்சள் கிழங்கின் மேல் உரிமையல்ல, காயம் ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கான உரிமை. நம் வீடுகளில் பாட்டிமார் செய்துவந்ததைப் புதுமை என ஏற்றது பெரிய பிழைதான். இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு 1953-ஆம் ஆண்டு மருத்துவ இதழ்க் கட்டுரை உள்ளிட்ட எழுத்துச் சான்றுகளைக் காட்டியபின் 1997-இல் அது ரத்தானது. எழுத்தில் இல்லாத வழக்கத்தை வெளிநாட்டுப் பரிசோதகரால் தேடிப்பிடிக்க முடியாது என்ற பாடத்தின்மேல்தான் மரபறிவு மின்நூலகம் எழுந்தது. தமிழில் உள்ள சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளும் அதில் ஐந்து அயல்மொழிகளில் ஏற்றப்பட்டுள்ளன.

உலகக் காப்புரிமை என்றும் ஒன்று கிடையாது. இந்தியக் காப்புரிமைக்கு இந்தியாவில் மட்டுமே செல்லுபடி. பன்னாட்டு ஒப்பந்தத்தின் வழியாக, 1998 முதல் இந்தியாவிலிருந்தும், ஒரே விண்ணப்பத்தைப் போடலாம். ஆனால் பிறகு வேண்டிய ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே பரிசோதனையும் கட்டணமும் உண்டு.

விண்ணப்பங்கள் வழக்கமாக 18 மாதங்களில் வெளியாகின்றன. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். காலம் முடிந்த காப்புரிமையின் வரைபடத்தையும் செய்முறையையும் எந்தப் பட்டறையும் கட்டணமின்றி எடுத்தாளலாம். அதன்மேல் பின்னாளில் பதிவான மேம்பாடு ஏதாவது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் முன்னதாகத் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.