துஆவில் நாவடக்கம்



மக்தபில் பிள்ளைகள் கேட்பதுண்டு: "நபியை 'அவர்கள்' என்கிறோம். அல்லாஹ்வை மட்டும் ஏன் 'அவன்' என்கிறோம்?" அல்லாஹ் ஒருவனே என்பதால் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் அவனை ஒருமையிலேயே சொல்லிவருகிறோம். துஆவிலும் 'நீ' என்றே அழைக்கிறோம். அப்படியானால் மரியாதையை எதில் காட்டுவது? கேட்கும் விதத்தில்தான்.

பணிவோடும் தாழ்ந்த குரலிலும் இறைவனை அழைக்க வேண்டும், வரம்பு மீறக்கூடாது என்று திருக்குர்ஆன் (7:55) கற்றுத் தருகிறது. நீண்ட துன்பத்தில் இருந்த அய்யூப் (அலை) அவர்கள் தம் வேதனையைச் சொன்னார்கள். இறைவனின் கருணையைச் சொன்னார்கள் (21:83). 'எனக்கு ஏன் இந்தச் சோதனை?' என்று கணக்குக் கேட்கவில்லை.

மழைக்கு ஏங்கும் நம் திண்டுக்கல் மக்களுக்கு நெருக்கமான சம்பவம் ஒன்றை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ குத்பாவில் இருந்தபோது ஒருவர் எழுந்து, கால்நடைகள் அழிவதைச் சொல்லி மழைக்கு துஆச் செய்யக் கேட்டார். நபியவர்கள் கையேந்தினார்கள். பிடித்த மழை அடுத்த ஜும்ஆ வரை விடவில்லை. இப்போது வீடுகள் இடிகின்றன என்று முறையீடு வந்தது. அப்போதும் நபியவர்கள் 'மழையை நிறுத்திவிடு' என்று கேட்கவில்லை. எங்கள்மீது வேண்டாம், சுற்றிலும் உள்ள குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பொழியட்டும் என்று வேண்டினார்கள். ஊருக்குள் வேண்டாம், சிறுமலையில் பெய்யட்டும் என்று நாம் கேட்பது போல! வந்த ரஹ்மத்தைத் தள்ளாமல், அதனால் நேர்ந்த துன்பத்தை மட்டும் நீக்கக் கேட்டார்கள். இதுவே அதபு.

அடக்கம் என்றால் தயங்கித் தயங்கிக் கேட்பதல்ல. 'நீ விரும்பினால் மன்னிப்பாயாக' என்று கேட்பதையும் நபியவர்கள் தடுத்துள்ளார்கள். குரல் தாழ்ந்திருக்க வேண்டும். நம்பிக்கை உறுதியாக இருக்க வேண்டும்.

தொழுகை விரிப்பில் அடங்கியிருக்கும் நம் நாக்கு வீட்டில் அடங்குகிறதா? மார்க் குறைந்த பிள்ளையை, சொல் கேளாத பிள்ளையை "நீ உருப்படவே மாட்டே", "நாசமாப் போ" என்று திட்டிவிடுகிறோம். நாமும் இதில் தவறியவர்கள்தாம். கோபத்தில் சொன்னாலும் அது கேடு கேட்கும் துஆ அல்லவா? உங்களுக்கு எதிராகவோ பிள்ளைகளுக்கு எதிராகவோ செல்வத்துக்கு எதிராகவோ துஆச் செய்யாதீர்கள், அது ஏற்கப்படும் நேரமாக அமைந்துவிடலாம் என்ற நபிமொழி முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

எனவே அத்தாமார்களே, அம்மாமார்களே! கோபம் வரும்போது "அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியைத் தரட்டும்" என்று சொல்லிப் பழகுவோம். அந்த நேரம் துஆ ஏற்கப்படும் நேரமாக இருந்தால், நம் பிள்ளைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நம் நாவை நல்லதற்கே திறக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.