மஞ்சளும் மிளகும் இணைந்தால்...

தமிழர் சமையலறையின் அஞ்சறைப் பெட்டியில் மஞ்சளுக்கும் மிளகுக்கும் என்றும் இடமுண்டு. இரசத்திலும் சூடான பாலிலும் ஒன்றுசேரும் இவ்விரண்டும் இன்று ஒரே மாத்திரையில் அடைக்கப்பட்டு மருந்தகங்களில் விற்கப்படுகின்றன. சமையலில் சேரும் சிட்டிகையும் மாத்திரையில் உள்ள செறிவான சாறும் ஒன்றல்ல.

மஞ்சள், மண்ணுக்குள் விளையும் கிழங்கு. அதற்கு நிறம் தருவது குர்குமின் என்னும் வேதிப்பொருள். ஆய்வுக்கூடச் சோதனைகளில் இது அழற்சியைத் தணிக்கும் தன்மையைக் காட்டியுள்ளது. எனினும், மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடே உள்ளது. அது நீரில் எளிதில் கரையாது. மேலும், குடலும் கல்லீரலும் அதனை விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. இதனால், மிகச் சிறிதளவே இரத்தத்தில் கலக்கிறது.

மிளகு, கொடியில் காய்க்கும் கனி. மலேசியாவில் சரவாக் மாநிலம் மிளகுக்குப் பெயர்பெற்றது. மிளகின் காரத்திற்குக் காரணமான பைப்பரின், குர்குமினை வெளியேற்ற உதவும் நொதிகளின் வேலையைத் தடுக்கிறது. 1998-ஆம் ஆண்டு பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்து உட்கொண்டவர்களின் உடல், குர்குமினை ஏற்கும் அளவு 2000 விழுக்காடு உயர்ந்தது.

காவலாளியைத் தடுத்து நிறுத்தினால், வேண்டிய விருந்தாளி மட்டுமா உள்ளே நுழைவார்? அதே நொதிகள் பல மருந்துகளையும் உடலிலிருந்து வெளியேற்றுகின்றன. பைப்பரின் அவற்றைத் தடுக்கும்போது, வலிப்பு நோய்க்குத் தரப்படும் பெனிட்டாய்ன் போன்ற மருந்துகளின் அளவு இரத்தத்தில் கூடக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர்களுக்குக் குர்குமின் மாத்திரைகளால் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பும் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மஞ்சள் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம் என எச்சரித்தது. உடலில் அதிகம் சேருமாறு தயாரிக்கப்பட்டவற்றில் இவ்வாபத்து கூடுதல் என்றும் அது சுட்டியது.

எனவே, மூலிகைதானே என்று எண்ணி மாத்திரைகளை விருப்பம்போல் உண்ணுதல் கூடாது. மலேசியாவில் பதிவுபெற்ற பொருள்களின் உறையில் ‘எம்.ஏ.எல்.’ எனத் தொடங்கும் பதிவெண் இருக்கும். அதனைச் சரிபார்ப்பது முதற்படி. ஆயினும், ஒருவர் ஏற்கெனவே உண்ணும் மருந்தோடு அது ஒத்துப்போகுமா என்பதைப் பதிவெண் சொல்லாது. மருத்துவரோ மருந்தாளரோதான் சொல்ல முடியும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்னும் பழமொழி மூலிகைக்கும் பொருந்தும்.