முதலில் தரை, அப்புறம் கூரை: புதுசாக டிராக்டர் எடுத்த தம்பிகளுக்கு

ஷோரூமில் மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஏரல் சேர்மன் கோவில் வாசலில் ஒரு சூடம் காட்டி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். சந்தோஷம். ஏழெட்டு லட்சம் கடன். அன்றைக்கு ராத்திரி வண்டி எங்கே நின்றது? வேப்பமரத்தடியிலா, ரோட்டோரத்திலா? நாற்பது வருஷமாக ஏரல் சுற்றுவட்டத்தில் நெல்லுக்கும் வாழைக்கும் உழவு ஓட்டினவன் நான். கையைக் கடிக்காமல் ஒரு ஷெட் போடுவது எப்படி என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மேற்கத்தி ஊர்க்காரருக்குச் சொல்லும் யோசனை நமக்கு அப்படியே ஒத்துவராது. நமக்குக் கீழே ஆறு, கிழக்கே உப்பு, மேற்கே காற்று.

1. கூரையைப் பற்றி யோசிக்கும் முன்னால் தரையைப் பாருங்கள். நான் பாராமல் விட்டேன். 2023-ல் என் ஷெட்டைப் பார்த்தவர்கள் மெச்சுவார்கள்: புதுத் தகரம், மூன்று பக்கம் சுவர், உள்ளே லைட். தரை மட்டும் வயல் வரப்பு மட்டத்தில் இருந்தது. மார்கழி முதல் நாள், டிசம்பர் 17, வானம் பொத்துக்கொண்டது. ஒரே நாள் கணக்கில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மேலே அணைத் தண்ணீர், பக்கத்தில் குளத்துத் தண்ணீர், எல்லாம் சேர்ந்து வந்தது. பாலம் சேதமாகி ஏரல் தனித்தீவாக நின்றது. மூன்றாம் நாள் போய்ப் பார்க்கிறேன். கூரையில் ஒரு ஆணி கழலவில்லை, அதற்கடியில் ஸ்டீயரிங்கும் சைலன்சரும் மட்டும் தெரிகின்றன. பக்கத்து வயல்காரர் கூரையே இல்லாமல் களத்துமேட்டில் நிறுத்தியிருந்தார். அவர் வண்டிக்கு டயர்தான் நனைந்திருந்தது.

அதனால் ஊரில் பெரியவர்களைக் கேளுங்கள். 1992-ல் தண்ணீர் எதுவரை வந்தது, 2023-ல் எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அந்த உயரத்துக்குத் தரையை ஏற்ற எல்லாருக்கும் முடியாது, முடிந்தவரை ஏற்றுங்கள். சரள் கொட்டி, தண்ணீர் தெளித்து, அரையடி அரையடியாகத் திமிசு போடுங்கள். ஓரத்துக்குக் கருங்கல் அடுக்கினால் அரிக்காது. முழுத்தரைக்கும் காங்கிரீட் வேண்டியதில்லை. சக்கரம் நிற்கும் தடத்துக்கு மட்டும் இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டை போட்டால் போதும், காசு பாதிக்கு மேல் மிச்சம். இன்னொன்று: பாபநாசம் அணை திறக்கிறார்கள் என்று சேதி வந்தவுடனே வண்டியைக் கொண்டுபோக ஒரு மேட்டிடத்தை இப்போதே பேசி வையுங்கள். தண்ணீர் வந்தபிறகு போய்க் கேட்டால் அங்கே பத்து வண்டி நிற்கும்.

2. வாசல் தெற்கே இருக்கட்டும். வாஸ்து பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். டிராக்டருக்கு ஜாதகம் கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். கிழக்கே பழையகாயல் பக்கம் உப்பளம், அதற்கப்பால் கடல். கொற்கையில் கப்பல் வந்து நின்ற காலம் போய், கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. உப்புக்காற்று மட்டும் இன்னும் நம் இரும்பைத் தேடி வந்துகொண்டிருக்கிறது. மேற்கே திறந்து வைத்தால் ஆடிக்காற்று புழுதியை வாரிக் கொட்டும். ஆடி அமாவாசைக்குச் சேர்மன் கோவிலுக்கு வந்தவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த ஷெட்டில் காற்று புகுந்தால், வெளியேற வழியில்லாமல் கூரையைத் தூக்கும். பின்சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஒரு அடி இடைவெளி விடுங்கள். அந்த ஒரு அடி பல கூரைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

3. டேப் பிடித்து அளந்துவிட்டுக் கட்டுங்கள். 45 எச்.பி. வண்டி சுமார் 12 அடி நீளம், 6 அடி அகலம். பின்னால் ரோட்டாவேட்டர் மாட்டினால் இன்னும் மூன்று நாலு அடி. சைலன்சர் நுனி எட்டடியைத் தொடும். ஆக 20-க்கு 12, வாசலில் 10 அடி உயரம். அதற்குக் குறைத்தால் ஒவ்வொரு நாளும் கலப்பையைக் கழற்றி வெளியே போடுவீர்கள். வெளியே போட்ட கலப்பை வெளியேதான் கிடக்கும்.

4. மிகவும் மலிவு பனைதான். பழைய வீடு இடிக்கும் இடத்தில் வயிரமேறிய பனங்கை கிடைக்கும், விடாமல் வாங்குங்கள். என் வயதை விட மூத்த பனங்கை என் தொழுவத்தில் இன்னும் கிடக்கிறது. ஆனால் நிற்கிற பனையை நினைத்தபடி வெட்ட முடியாது. கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள். நல்லதுதான். தூணுக்குச் சவுக்குக் கம்பு போதும். மண்ணுக்குள் போகும் மூன்றடிக்கும் தார் பூசி நடுங்கள்.

ஓலைக்கூரை போல் குளிர்ச்சி எதுவும் தராது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதுதான் அதன் வாடகை. மேலே பழைய மீன்வலையை விரித்து நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினால் ஆடியில் ஓலை பறக்காது. கடற்கரை ஊர்களில் கிழிந்த வலை சல்லிசாகக் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: சூடான சைலன்சருக்கும் ஓலைக்கும் இடையே மூன்றடியாவது இருக்க வேண்டும், அதனால் ஓலை போட்டால் மேலே சொன்ன வாசல் உயரத்தை இன்னும் ஒரு அடி கூட்டுங்கள்.

5. தகரம் போடுவதென்றால் வெறும் ஜிங்க் சீட் வேண்டாம். நம் காற்றில் ஆணித்துளையைச் சுற்றித்தான் துரு முதலில் பிடிக்கும். வண்ணம் பூசிய அலுமினியம் கலந்த சீட் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் உழைக்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரப்பர் வாஷர் போட்டிருக்கிறானா என்று ஏணியில் ஏறி நீங்களே பாருங்கள். இரும்புக் குழாய்த் தூண் மண்ணைத் தொடும் இடத்தில்தான் அறுந்து விழும். தரைக்கு மேல் அரையடிவரை காங்கிரீட் கழுத்து கட்டுங்கள். கல்நார் சீட் துருப்பிடிக்காது என்று நம் பக்கம் ஒரு பிரியம் உண்டு. அதை அறுக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்கு எமன். புதிதாக வாங்காதீர்கள், ஏற்கெனவே இருப்பதை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம்.

6. தூத்துக்குடியில் பழைய கன்டெய்னர் விற்கிறார்களே, அது ஆகுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 20 அடி கன்டெய்னரின் வாசல் உயரம் ஏழரை அடிதான். சைலன்சர் இடிக்கும். பவர் டில்லர், மோட்டார், மருந்து தெளிப்பான், டீசல் கேன், சாவி செட் எல்லாம் வைத்துப் பூட்ட அதைவிட நல்ல அறை கிடையாது. எலி நுழையாது. வசதி இருந்தால் இரண்டு கன்டெய்னரைப் பன்னிரண்டு அடி இடைவெளியில் போட்டு, நடுவே கூரை போட்டு வண்டியை நிறுத்தலாம். சுவர் கட்டும் செலவு இல்லை. இரண்டு விஷயம் மறக்காதீர்கள். மூடின கன்டெய்னர் வெள்ளத்தில் மிதக்கும், நாலு மூலையிலும் சங்கிலி போட்டு காங்கிரீட்டில் கட்டுங்கள். விடியற்காலையில் உள்கூரை வியர்த்துச் சொட்டும், இரண்டு பக்கமும் காற்று போக ஓட்டை வையுங்கள்.

7. ஒன்றுக்கும் வழியில்லை என்றால் தார்ப்பாய். மெல்லிய நீலப்பாய் ஒரு மழைக்காலத்தோடு கந்தல், 200 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாமல் வாங்குங்கள். வண்டியைப் பொட்டலம் கட்டுவதுபோல் சுற்றாதீர்கள். உள்ளே ஈரம் நின்று, மழையில் நனைந்ததைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். நாலு கம்பு நட்டு, பந்தல் மாதிரி இழுத்துக் கட்டுங்கள்.

8. வண்டியோடு யாரைக் குடிவைக்கிறீர்கள் என்று பாருங்கள். உரமூட்டை கூடாது, பொட்டாஷும் யூரியாவும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். தொழுவத்துக்குள் நிறுத்தினால் மூத்திரக் காற்று ஒயர் முனையெல்லாம் பச்சை பூக்க வைக்கும். கோழி சீட்டின் மேல் உட்கார்ந்தால் பெயின்ட் போச்சு. வைக்கோல் படப்பு பக்கத்திலே இருக்கவே கூடாது.

9. எல்லாம் செய்தும் வண்டி முங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகத்தான் கை துறுதுறுக்கும். திருகாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஆயில் கேஜ் குச்சியை உருவிப் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நான் திருகினேன். ஆயில் மாற்றுவதோடு போக வேண்டிய செலவு, இன்ஜின் பிரிக்கும் செலவாகிவிட்டது.

10. இன்றைக்கே பெட்டியைத் திறந்து வண்டியின் இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்று போட்டிருந்தால், வெள்ளத்தில் போன வண்டிக்கு ஒரு பைசா வராது.