பாட்டியின் பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம்?

பரிசை யோசிப்பதற்கு முன் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எண்பதைத் தொடும் பாட்டிகள் பலரின் ஆதாரில் இருப்பது, பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட தேதி. அவர்களுக்குத் தெரிந்தது ஆவணி ரோகிணி, தை பூசம் என்று மாதமும் நட்சத்திரமும்தான். அது ஆண்டுதோறும் வேறு வேறு ஆங்கிலத் தேதியில் வரும். காலண்டரைப் பார்த்து அந்த நாளில் கொடுத்தால், பரிசைப் பிரிக்கும் முன்பே பாட்டி மகிழ்ந்துவிடுவார்.

பேரப்பிள்ளைகள் முதலில் போய் நிற்பது புடவைக் கடையில். பட்டு வேண்டாம் என்பேன். கனம் அதிகம், வீட்டில் துவைக்க முடியாது, அடுத்த கல்யாணம் வரை பீரோவில்தான் கிடக்கும். தினமும் உடுத்தக்கூடிய பருத்திப் புடவையே அவர் உடம்புக்கு இதம். மதுரைச் சுங்குடி மெல்லியது. துணியில் சிறு சிறு முடிச்சுகள் போட்டுச் சாயத்தில் தோய்த்தெடுக்கும் சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. இன்று கடையில் கிடைப்பவற்றில் அச்சிட்டவையே அதிகம். கையால் முடிச்சிட்டதில் புள்ளிகள் அச்சடித்தாற்போல் ஒரே சீராக இருக்காது, அதைக் கேட்டு வாங்குங்கள். 2019இல் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி நெடுநாள் உழைக்கும், ஆனால் நூல் தடிமன். உடம்பு தளர்ந்த பாட்டிக்குச் சுங்குடியே மேல். மடிசார் கட்டுபவராக இருந்தால் ஒன்பது கஜமாகப் பாருங்கள். அளவு ரவிக்கை ஒன்றை முன்கூட்டியே வாங்கிப் போய்த் தைத்தே கொடுத்துவிடுங்கள், தையற்காரரிடம் அவரை அலைய வைக்காதீர்கள்.

நிறத்தில் ஒரு கவனம் தேவை. தாத்தா போன பிறகு சில பாட்டிகள் சில நிறங்களை விட்டிருப்பார்கள். அது அவர் விருப்பமா, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியதா என்று அம்மாவிடமோ அத்தையிடமோ விசாரியுங்கள். அவர் விருப்பம் என்றால் மதியுங்கள். ஊருக்காக விட்டதென்றால் அவருக்குப் பிடித்த அரக்கையோ மஞ்சளையோ நீங்களே எடுத்துக் கொடுங்கள். “பேத்தி வாங்கித் தந்தது” என்ற ஒரு காரணம் போதும், கட்டிக்கொள்வார்.

பாட்டுக் கேட்கிற பாட்டிக்கு சரிகமா கார்வான் தமிழ்ப் பெட்டி நல்ல தேர்வு. ஐயாயிரம் பழைய பாடல்கள் உள்ளேயே பதிந்திருப்பதால் இணையம் வேண்டாம், குமிழைத் திருப்பினால் பாடும். புதுக் கைப்பேசியைவிட இதுவே உசத்தி. கைப்பேசியில் ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். ஆனால் காது மந்தமானவருக்கு இது வேண்டாம். இனிப்புப் பெட்டியும் சர்க்கரை உள்ளவருக்கு வேதனைதான்.

இவற்றையெல்லாம் வேறு யாரும் வாங்கித் தரலாம். அதனால்தான் கடிதத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். கடையில் விற்கும் வாழ்த்து அட்டையில் பொன்னெழுத்தில் ஆங்கிலக் கவிதை இருக்கும். பாட்டி அதைப் புரட்டிப் பார்த்து வைத்துவிடுவார். அட்டைதான் வேண்டுமென்றால் உள்ளே வெறுமையாக உள்ளதை எடுங்கள். பளபளப்பில்லாத தாள், கறுப்பு மை, பெரிய எழுத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி. கண்புரை உள்ளவருக்கு வழவழப்பான தாள் கூசும்.

என்ன எழுதுவது? “நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும்” என்று எல்லாரும் எழுதுவார்கள். நீங்கள் ஒரே ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள்: அம்மை போட்டிருந்தபோது இரவெல்லாம் வேப்பிலையால் வருடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பரீட்சைக்குப் போகும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் கொடுத்தது, அப்பாவின் அடியிலிருந்து காப்பாற்றியது. அவர் செய்ததையெல்லாம் அவரே மறந்திருப்பார். நீங்கள் மறக்கவில்லை என்று தெரிவது அவருக்குப் பெரிய செய்தி. இன்லண்ட் லெட்டரிலேயே எழுதலாம், அதைப் பிரித்துப் பழகிய கைகள் அவை. அதற்குள் எதையும் வைக்கக்கூடாது என்பதால், படமும் சேர்ப்பதானால் உறையில் அனுப்புங்கள்.

படம் என்றால் உங்கள் செல்ஃபிகளின் தொகுப்பைச் சொல்லவில்லை. அவருடைய அம்மா, தங்கைகள், பிறந்த வீடு என்று ஏதேனும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் உறவினர் வீட்டில் இருக்கும். அதை ஸ்டுடியோவில் கொடுத்துச் சரிசெய்து, பெரிதாக அச்சிட்டுக் கொடுங்கள். அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து படத்தில் இருப்பவர் யார் யார் என்று கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் குறித்துவிடுங்கள், அந்தப் பெயர்கள் இன்று அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கலாம். கொஞ்சம் செலவழிக்க விரும்பினால் அஞ்சல் துறையின் ‘மை ஸ்டாம்ப்’ திட்டத்தில் 300 ரூபாய்க்கு 12 தபால்தலைகள் கொண்ட தாளில் அவர் முகத்தையே அச்சிட்டு வாங்கலாம்.

எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியா? அதே கடிதத்தை நிதானமாக உங்கள் குரலில் பதிவுசெய்து அனுப்புங்கள், திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். தபாலில் அனுப்புகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே பெட்டியில் போடுங்கள். பிறந்தநாளன்று காலையில் அவர் குளித்துச் சாமி கும்பிட்டு முடித்திருக்கும் நேரம் பார்த்துத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.