புலி வந்தது, நாய் சிறுத்தது

மாணவர்களே, பத்துமலையின் 272 படிகளில் ஏறும்போது இன்று நீங்கள் பார்ப்பது குரங்குகளை. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓராங் ஊத்தான்களும் வாழ்ந்தன. அங்குள்ள குகையில் கிடைத்த அவற்றின் பற்களைப் பற்றிய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஓராங் ஊத்தானுக்கு மரங்களே வீடு. ஆகவே அன்று இப்பகுதியில் காடு இருந்தது எனத் தெரிகிறது.

ஏன் பற்கள் மட்டும் கிடைக்கின்றன? நம் வட்டாரக் குகைகளில் முள்ளம்பன்றிகள் எலும்புகளை இழுத்துச் சென்று கொறித்துவிடும். கடினமான பற்களே மிஞ்சும். ஆனால் ஒரு விலங்கு என்ன தின்றது, எப்படித் தின்றது என்பதைப் பல்லே சொல்லிவிடும்.

அப்படியானால் அக்காலத்தில் வேட்டையாடியவை எவை? இதற்கு நல்ல சான்று ஜாவாவில் உள்ளது. பனியுகங்களில் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தபோது தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, ஜாவா எல்லாம் ஒரே நிலமாக இணைந்தன. விலங்குகள் நடந்தே போய்வந்தன. சங்கிரான், திரினில் போன்ற இடங்களில் அவற்றின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன.

அவற்றில் ஊனுண்ணிகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது:

வாள்பல் பூனை: நீண்டு தட்டையான கோரைப்பற்களால் இரையின் சதையை வெட்டியது. அப்பற்கள் எலும்பில் மோதினால் முறியக்கூடும். எனவே எலும்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டிருக்கும்.

கழுதைப்புலி: தடித்த, கூம்பு வடிவப் பற்களால் எலும்பை நொறுக்கி மஜ்ஜையைத் தின்றது. மிச்சத்தை அகற்றிய துப்புரவாளர் இது.

புலி: பதுங்கிப் பாய்ந்து, பெரிய இரையைத் தனியாக வீழ்த்தியது.

மெரியம் நாய்: பழைய படிவுகளில் இது பெரிய உடல்கொண்டது. பிந்திய திரினில் படிவில் காணப்படும் அதன் வழித்தோன்றலோ சிறியது.

ஏன் சிறுத்தது? புலியும் பெரிய நாயும் ஒரே அளவு இரையைத் தேடினால் மோதல்தான். உடல் சிறுத்தபோது நாய் சிறிய இரைக்கு மாறி, புலியோடு போட்டியைக் குறைத்துக்கொண்டது என ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். ஒரே காட்டில் பல ஊனுண்ணிகள் பிழைக்க இப்படிப்பட்ட பங்கீடு உதவுகிறது.

இந்த மாற்றம் நிகழ எண்ணற்ற தலைமுறைகள் ஆயின. இன்றோ கண்ணிகளும் காடழிப்பும் அவ்வளவு காலம் தருவதில்லை. வாள்பல் பூனையும் கழுதைப்புலியும் நம் வட்டாரத்திலிருந்து மறைந்துவிட்டன. மலாயாப் புலிகளும் காட்டில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன.

சிந்தியுங்கள்: புலியும் மறைந்தால், கடமானையும் காட்டுப்பன்றியையும் கட்டுக்குள் வைக்கும் அதன் வேலையை நம் காட்டில் யார் செய்வார்?